முட்டையும் வெளிச்சமும்: வெளிப்பட்ட ஊர்வன முட்டைகளைக் காக்கும் முறை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சமவெளியில் கோடை உழவின்போதும், கரும்புத் தோட்டத்தில் சோகை உரிக்கும்போதும், எருக்குழியைக் கிளறி வண்டியில் ஏற்றும்போதும், கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும்போதும், மண்ணுக்குள் இருந்த ஊர்வன முட்டைகள் திடீரென வெயிலுக்கு வந்துவிடுவதுண்டு. அவற்றைப் பாம்பு முட்டை என்று அஞ்சி மண்வெட்டியால் நசுக்குவோரும் உண்டு. இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்று விளக்கின் கீழ் வைப்போரும் உண்டு. இரண்டிலும் முட்டைகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இந்த இயல், முட்டையைக் கண்ட உழவர், ஊர்த் தன்னார்வலர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் வரிசையாகச் செய்ய வேண்டியவற்றைக் கூறுகிறது. அவற்றுள் வெளிச்சத்தைக் கையாளும் முறைக்கு முதலிடம் தருகிறது.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

ஊர்வன முட்டைகளில் பெரும்பாலானவை இருளில் வளர்பவை. மண், மட்கிய இலை, கரையான் புற்று, பாறை இடுக்கு ஆகியவை முட்டைக்கு இருளோடு ஈரத்தையும் சீரான வெப்பத்தையும் ஒருசேரத் தருகின்றன. முட்டை வெளியே வரும்போது இம்மூன்றும் ஒரே கணத்தில் பறிபோவதால், வெளிச்சம் செய்யும் தீங்கையும் வெயிலின் சூடு செய்யும் தீங்கையும் காற்று உலர்த்துவதையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது நடைமுறையில் இயலாது. ஆயினும் முட்டையைக் கொல்வது பெரும்பாலும் வெளிச்சத்துடன் வரும் சூடும் உலர்வுமே என்பதை மனத்தில் இருத்துவது நல்லது.

வெளிச்சம் மட்டும் தனியே என்ன செய்கிறது என்ற கேள்விக்குச் சீன ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பயனுள்ள விடை தருகிறது. ஓர் அரணை இனம், ஒரு புல்வெளிப் பல்லி இனம், இரண்டு வீட்டுப்பல்லி வகை இனங்கள் என நான்கின் முட்டைகளை அவர்கள் வெளிச்சத்திலும் இருளிலும் வைத்துப் பார்த்தபோது, நான்கிலும் வெளிச்சம் பட்ட கரு விரைவாக வளர்ந்தது. வெளிச்சம் கூடக் கூட வேகமும் கூடியது. அரணையின் முட்டை ஓடு மற்றவற்றைவிட மெல்லியதாக இருந்து அதிக ஒளியை உள்ளே விட்டது. வெளிச்சத்தில் பொரித்த அரணைக் குஞ்சுகள் உருவில் சிறியனவாகவும் இருந்தன. மற்ற மூன்று இனங்களின் குஞ்சுகளில் அத்தகைய குறை தென்படவில்லை. குஞ்சுகளின் ஓட்டத்திறனும் பிழைப்பும் நான்கிலுமே பாதிக்கப்படவில்லை. ஆகவே ஒளி முட்டைக்குள் புகுகிறது என்பதும், அதன் விளைவு இனத்தைப் பொறுத்து மாறுகிறது என்பதும் உறுதி. சற்று நேரம் வெளிச்சம் பட்ட முட்டை கெட்டுவிட்டது என்று அதை எறிந்துவிட வேண்டியதில்லை என்பதும் இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்.

நடத்தையைப் பொறுத்தவரை தெளிவான சான்று கோழியிடமிருந்து வருகிறது. பொரிப்பதற்கு முந்தைய சில நாள்களில் கோழிக்கரு தன் வலக்கண் ஓட்டை நோக்கியும் இடக்கண் உடலால் மறைக்கப்பட்டும் இருக்கும்படி சுருண்டுகிடக்கிறது. அப்போது ஓட்டினூடே புகும் ஒளி வலக்கண்ணை மட்டும் தூண்டுவதால், மூளையின் இருபுறமும் வெவ்வேறு வேலைகளில் தேர்ச்சி பெறுகின்றன என்று லெஸ்லி ரோஜர்ஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து 1982இல் காட்டினார். வெளிச்சம் படாமல் பொரித்த குஞ்சுகளில் இந்தப் பிரிவினை சில வேலைகளில் மங்கிவிடுகிறது. மண்ணுக்குள் பொரிக்கும் ஓணானுக்கு இதை அப்படியே பொருத்துவது தவறு. கோழிக்கு இயல்பானது வெளிச்சம், ஓணானுக்கு இயல்பானது இருள். எந்த உயிர் எந்தச் சூழலில் பொரிக்கப் பழகியதோ அதையே அதற்குத் திருப்பித் தருவதுதான் காப்பவரின் வேலை.

முட்டை யாருடையது?

மண்ணில் அகப்படும் முட்டை தோல்போல் நெகிழ்ந்து, அழுத்தினால் குழிவதாகவும் நீள்வட்டமாகவும் இருந்தால் அது ஓணான், அரணை, உடும்பு, பாம்பு ஆகியவற்றில் ஒன்றினுடையது. சுவர் இடுக்கிலும் நாட்காட்டியின் பின்னாலும் குழல்விளக்குச் சட்டத்தின் மேலும் பட்டாணி அளவில், வெண்மையாகவும் கெட்டியான ஓட்டுடனும், பெரும்பாலும் இரண்டாகக் கிடப்பது வீட்டுப்பல்லியின் முட்டை. ஓணானின் பெட்டை வரப்போரத்தில் ஈரமண்ணை முன்னங்கால்களால் தோண்டி, முட்டைகளை இட்டபின் மண்ணைத் தள்ளி மூடி, தலையால் குத்திக் குத்தி இறுக்கிவிட்டுச் செல்கிறது. அந்த இடம் சுற்றியுள்ள மண்ணிலிருந்து பிரித்தறிய முடியாதபடி சமமாகிவிடும். எருக்குழியிலும் சோகைக் குவியலிலும் கிடைப்பவை பாம்பு முட்டைகளாக இருக்க வாய்ப்பு அதிகம். சாரையும் தண்ணீர்ப்பாம்பும் நல்ல பாம்பும் முட்டையிடுபவை. கண்ணாடி விரியன் முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகிறது.

இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாதபோது, நச்சுப்பாம்பின் முட்டை என்று எண்ணியே நடந்துகொள்ள வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

முட்டையைக் காக்கும் வேலையில் முதலில் காக்கப்பட வேண்டியது கண்டவரின் உயிர். நல்ல பாம்பின் பெட்டை முட்டைகளின் அருகிலேயே தங்கும் இயல்புடையது. மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை நடுக்கிச் சூடு உண்டாக்கி அடைகாக்கிறது. ஆகவே,

1. முட்டை தெரிந்தவுடன் ஐந்தாறு அடி பின்வாங்கி, வளையும் சுற்றுப்புறமும் அசைவின்றி உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.
2. தாய்ப்பாம்பு இருந்தால் எதையும் தொடாமல், மற்றவர்களையும் குழந்தைகளையும் விலக்கி, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கோ 112 எண்ணுக்கோ தகவல் தர வேண்டும்.
3. வளைக்குள் கையையோ குச்சியையோ விடக்கூடாது. மண் அள்ள நீண்ட கைப்பிடியுள்ள மண்வெட்டி வேண்டும். காலில் மூடிய காலணி வேண்டும்.
4. கடிபட்டால் கட்டுப்போடுதல், கீறுதல், உறிஞ்சுதல், பச்சிலை வைத்தல் எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மலைக்கிராமங்களிலிருந்து கீழே இறங்க நேரம் பிடிக்கும் என்பதால், கடித்தது நச்சுப்பாம்பா என்று ஆராய்ந்து கொண்டிருக்காமல் உடனே கிளம்பிவிட வேண்டும். நஞ்சுமுறி மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும்.
5. பொரித்து வந்த நச்சுப்பாம்புக் குட்டிக்கும் முதல் நாளிலிருந்தே நஞ்சு உண்டு. சிறியதுதானே என்று கையில் எடுக்கக் கூடாது.
6. எந்த ஊர்வன முட்டையைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வன சால்மோனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமியைச் சுமப்பவை.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, பட்டியலிடப்பட்ட ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் முட்டைகளையோ கூட்டையோ குலைப்பதையும் வேட்டை என்றே கருதுகிறது. உடும்பும் மலைப்பாம்பும் அதன் முதல் பட்டியலில் உள்ளவை. எனவே முட்டைகளை வீட்டில் வைத்துப் பொரிக்கச் செய்வது நல்லெண்ணத்தோடு செய்தாலும் குற்றமாகலாம். கீழே வரும் முறைகளில் முட்டையை இருந்த இடத்திலேயே மூடுவது யாரும் செய்யத்தக்க அவசர உதவி. இடம் மாற்றுவது வனத்துறையினர் சொன்னால் மட்டுமே செய்யத்தக்கது.

முதல் பத்து நிமிடங்கள்

1. *நிழல்.* தாய் இல்லை என்று உறுதியானவுடன் ஈரச்சாக்கு, வாழையிலை, துண்டு என்று கையில் கிடைப்பதைக் கொண்டு முட்டைகளின் மேல் நிழல் உண்டாக்க வேண்டும். சாக்கு முட்டையின் மேல் படியாமல், இரண்டு மண்கட்டிகளின் மேல் கூரைபோல் நிற்பது நல்லது. சித்திரை வெயிலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். அங்கே சில நிமிடங்கள் கிடந்தாலே முட்டைக்கு ஆபத்து.

2. *குறி.* எந்த முட்டையையும் நகர்த்துமுன் அதன் மேற்புறத்தில் மென்மையான பென்சிலால் சிறு புள்ளி இட வேண்டும். மைப்பேனாவும் மார்க்கரும் வேண்டாம். ஓடு மூச்சுவிடும் சவ்வு போன்றது, மை உள்ளே இறங்கும்.

3. *திருப்பாமை.* இட்ட சிறிது காலத்திற்குள் ஊர்வனக் கரு ஓட்டின் உட்புற மேற்பகுதியில் ஒட்டிக்கொள்கிறது. முதலை முட்டையில் ஓட்டின் மேல் தோன்றும் வெண்திட்டு இதன் வெளி அடையாளம். ஆமை, முதலை முட்டைகளைப் புரட்டினால் கரு இறந்துபோகக்கூடும். பல்லி, பாம்பு முட்டைகள் சற்றுத் தாங்கும் என்றாலும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. புள்ளி எப்போதும் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

4. *பிரிக்காமை.* பாம்பு முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும். பிரிக்க முயன்றால் ஓடு கிழியும். கொத்தைக் கொத்தாகவே விட வேண்டும்.

5. *மூடுதல்.* அதே குழியிலிருந்து வந்த மண்ணைக் கட்டியின்றி உதிர்த்து, கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிரும் ஈரத்தில் நான்கைந்து விரல்கடை உயரத்துக்கு மூட வேண்டும். அழுத்தக் கூடாது. தண்ணீரை முட்டையின் மேல் நேராக ஊற்றவும் கூடாது; நீர் தேங்கிய குழியில் கரு மூச்சுத்திணறி இறக்கும்.

6. *அடையாளம்.* நான்கு குச்சிகள் நட்டு வண்ணத்துணி கட்டி, அந்த ஓரடிப் பரப்பை உழாமல் விட வேண்டும். டிராக்டர் ஓட்டுநரிடமும் மறுநாள் வேலைக்கு வருவோரிடமும் சொல்லிவைக்காவிட்டால் இதுவரை செய்தது வீணாகும்.

குறிப்பு: கரும்பு வயலில் நீர் பாயும் சாலுக்குள் முட்டை இருந்தால் அதே இடத்தில் மூடுவது பயன்படாது. வரப்பின் மேல், மாலை வெயில் மறையும் பக்கமாக, சில அடி தூரத்துக்குள் புதிய குழி எடுத்து வைக்கலாமா என்று வனத்துறையினரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

இடம் மாற்ற வேண்டி வந்தால்

வீட்டு அடித்தளம் தோண்டும் இடத்திலும் சாலை அகலப்படுத்தும் இடத்திலும் மூடிவைப்பது இயலாது. அப்போது வனத்துறையினர் வரும்வரை, அல்லது அவர்கள் சொற்படி, முட்டைகள் பெட்டியில் இருக்கும்.

1. வெளிச்சம் ஊடுருவாத பெட்டியே வேண்டும். கண்ணாடிபோன்ற நெகிழி டப்பாவானால் வெளியே தடித்த துணி சுற்ற வேண்டும். மூடியில் பக்கவாட்டாகச் சில சிறு துளைகள் போதும்.
2. அடியில் ஈர மணலோ நன்கு அலசிய தென்னைநார்க் கழிவோ நான்கு விரல்கடை பரப்பி, முட்டை பாதி புதையுமாறு விரலால் பள்ளம் செய்து, புள்ளி மேலே இருக்க வைக்க வேண்டும்.
3. மேலே அதே ஈரப்பொருளை மெல்லியதாகத் தூவலாம்.
4. வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, காலை, நண்பகல், இரவு அளவுகளை எழுத வேண்டும். வீட்டின் உள்ளறையில், தரையோடு, சமையலறைக்கும் ஓட்டுக்கூரைக்கும் தொலைவில் உள்ள மூலையே ஏற்றது.
5. பெட்டியை நாளுக்கு ஒருமுறைக்குமேல் திறக்கக் கூடாது. திறக்கும்போது அறையின் மங்கிய வெளிச்சமே போதும்.
6. மடியில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். இரு சக்கர வண்டியின் பின்பெட்டியும் பேருந்தின் இயந்திர மூடியும் முட்டைக்கு எமன்.

மலையில் கிடைத்ததை மலையிலேயே வைத்திருக்க வேண்டும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைப் பக்கத்து மண்ணில் மெல்ல வளர்ந்த கருவைக் கள்ளக்குறிச்சி நகரத்து மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறைக்குக் கொண்டுவந்தால், அதன் வளர்ச்சி நாள்கள் மட்டுமல்லாமல் சில இனங்களில் பாலினமே மாறிப்போகும்.

இது மிகைக்கூற்று அன்று. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள சென்னை முதலைப் பண்ணையில் ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேகர் ஆகியோர் சதுப்புநில முதலை முட்டைகளை வெவ்வேறு நிலையான வெப்பங்களில் வைத்து, 1989இல் முடிவுகளை வெளியிட்டனர். 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை பெண் குஞ்சுகள் மட்டுமே பொரித்தன, 32.5 டிகிரியில் ஆண்கள் மட்டுமே. கல்வராயன் மலைக்கு வடக்கே தென்பெண்ணையில் உள்ள சாத்தனூர் அணையின் முதலைப் பண்ணைக்குச் சென்று வருவோர் பலருக்கும், அங்கே காணும் முதலைகளின் பாலினம் முட்டைப் பருவத்தின் ஒன்றிரண்டு டிகிரியில் முடிவானது என்பது வியப்பாக இருக்கும். விளக்கு வெளிச்சத்தைப் பற்றிய இயலில் இதைச் சொல்லக் காரணம், குண்டுபல்பு ஒன்று பெட்டிக்குள் அந்த ஒன்றரை டிகிரியை மிக எளிதாகக் கூட்டிவிடும் என்பதே.

வழக்கமாக நேரும் தவறுகள்

*அடைக்கோழியின் கீழ் வைத்தல், பொரிப்பானில் வைத்தல்.* கோழி முட்டைக்கான பொரிப்பான் ஏறத்தாழ 37.5 டிகிரியில் இயங்குவதோடு முட்டையை நாளெல்லாம் புரட்டிக்கொண்டும் இருக்கிறது. அந்தச் சூடு பெரும்பாலான ஊர்வனக் கருக்களைக் கொல்லும்; புரட்டல் எஞ்சியதையும் கெடுக்கும். கோழியும் முட்டையை அலகால் உருட்டவே செய்யும்.

*பல்பு கட்டித் தொங்கவிடுதல்.* கோழிக்குஞ்சுக்கு வெதுவெதுப்பு தரும் பழக்கத்திலிருந்து வருவது இது. இந்த மாவட்டத்தின் சமவெளியில், முட்டையிடும் பருவமான கோடையிலும் அதையடுத்த மாதங்களிலும் முட்டைக்கு வெளிச்சூடு தேவைப்படுவதே இல்லை. சூடு தராத எல்இடி விளக்கானால் பரவாயில்லை என்பதும் சரியன்று; முன்சொன்ன ஆய்வில் வளர்ச்சியை விரைவுபடுத்தியது வெளிச்சமே.

*கைப்பேசி விளக்கை முட்டையோடு ஒட்டிவைத்து உள்ளே பார்த்தல்.* இரத்தநாளம் தெரிகிறதா என்று பார்க்கும் இந்த முறையைப் பயிற்சி பெற்றவர்கள் ஒரு கணம் மட்டுமே, முட்டையைத் திருப்பாமல் செய்கிறார்கள். ஊர்க்கூட்டம் நின்று மாறி மாறிப் பார்ப்பது வேறு. முட்டை குழிந்திருப்பதும் இறப்பின் அடையாளம் அன்று. ஈரம் குறைந்த முட்டை குழியும், ஈரமான மண் சேர்ந்தால் மீண்டும் புடைக்கும். பூசணம் படர்ந்து, நெகிழ்ந்து, நாற்றம் எடுத்தால் மட்டுமே கெட்டது எனலாம்.

*இரவு முழுவதும் விளக்கெரியும் இடத்துக்கு அருகே மூடுதல்.* மண்ணுக்குள் இருக்கும்வரை இதனால் தீங்கில்லை. பொரித்து வெளியேறும் இரவில்தான் சிக்கல். கடற்கரையில் பங்குனி ஆமையின் குஞ்சுகள் கடலின் மங்கிய வெளிச்சத்தை விட்டுத் தெருவிளக்கை நோக்கி ஊர்ந்து அழிவதைச் சென்னையில் 1988 முதல் மாணவர் அமைப்பினர் தடுத்து வருகிறார்கள். உள்நாட்டு ஊர்வனக் குஞ்சுகள் அதே விதியில் நடப்பவை அல்ல; ஆனால் விளக்கடியில் பூச்சிகள் சேர, பூச்சியைத் தேடித் தவளையும் பூனையும் நாயும் சேரும்.

பள்ளியில் தொடாமல் கவனித்தல்

வெளிச்சத்தின் விளைவை மாணவர்களுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர், ஓணான் வளையைத் தோண்டாமல், வகுப்பறைச் சுவரில் தானே கிடக்கும் வீட்டுப்பல்லி முட்டைகளைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். சில முட்டைகள் ஜன்னல் ஓரத்திலும் சில அலமாரியின் பின்னாலும் கிடக்கும். ஒப்பிட அதுவே போதும்.

1. முட்டை கிடக்கும் இடங்களைத் தேடி, சுவரில் சாக்கட்டியால் எண் இட வேண்டும். சுவரில் ஒட்டியதைப் பெயர்க்கக் கூடாது; பெயர்த்தால் உடையும்.
2. முதன்முதலில் கண்ட நாளை எழுத வேண்டும். நேற்று இல்லாமல் இன்று இருந்தால் மட்டுமே அதை இட்ட நாளாகக் கொள்ளலாம்.
3. ஒளியை அளக்கும் இலவசச் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, ஒவ்வொரு முட்டையின் பக்கத்திலும் காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் அளவெடுக்க வேண்டும். அளவு லக்ஸ் என்னும் அலகில் வரும். நேர்வெயிலில் ஒரு லட்சத்தை எட்டுவது, அலமாரியின் பின்னால் ஒற்றை இலக்கத்தில் நிற்கும்.
4. அதே நேரத்தில் அதே இடத்தில் வெப்பமும் எழுத வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் முழு வேலையும் பயனற்றது. ஜன்னலோர முட்டை முன்னதாகப் பொரித்தால், காரணம் வெளிச்சமா சூடா என்று சொல்ல வேறு வழியில்லை.
5. வெப்பம் ஏறத்தாழ ஒன்றாகவும் வெளிச்சம் வேறாகவும் உள்ள இரண்டு இடங்களை மட்டும் ஒப்பிட வேண்டும். ஒரே சுவரில் குழல்விளக்கின் மேலும், பத்தடி தள்ளிப் படத்தின் பின்னாலும் கிடப்பவை நன்கு பொருந்தும். ஆனால் பழைய குழல்விளக்கின் சோக் சூடேறும் என்பதால் அங்கேயும் வெப்பமானியை வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.
6. பொரித்தபின் எஞ்சும் ஓட்டை எடுத்துப் பார்க்கலாம். ஒளியில் பிடித்தால் அது எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பதை மாணவர்கள் கண்ணாலேயே காண்பார்கள்.

பத்துப் பதினைந்து முட்டைகளை வைத்து அறிவியல் முடிவு சொல்ல முடியாது. எனினும் ஒன்றரை இரண்டு மாதம் ஒரே முட்டையைத் தொடாமல் பார்த்து எழுதும் பயிற்சி வேறு எந்தச் செய்முறை வகுப்பிலும் கிடைப்பதில்லை என்பதால், இதை எல்லாப் பள்ளியும் செய்வது நன்று.

பொரிக்கும் நாள்களில்

ஓணான் முட்டை ஒன்றரை முதல் இரண்டு மாதத்துக்குள்ளும், நல்ல பாம்பின் முட்டை ஏறத்தாழ இரண்டு மாதத்திலும் பொரிக்கும். உடும்பு முட்டைக்குப் பல மாதங்கள் ஆகும் என்பதால், குச்சி நட்ட இடத்தை அடுத்த உழவுக்கும் விட்டுவைக்க நேரலாம். ஓட்டின் மேல் வியர்வைபோல் நீர்த்துளி அரும்புவதும், முட்டை சற்றுச் சுருங்குவதும், பிறகு குஞ்சு மேல்தாடையின் நுனியிலுள்ள முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறுவதும் வரிசையாக நடக்கும். கீறியபின் ஒரு நாள் வரைகூடக் குஞ்சு தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஓட்டுக்குள்ளேயே இருக்கும். எஞ்சிய மஞ்சட்கரு உடலுக்குள் இழுக்கப்படும் நேரம் அது. அப்போது ஓட்டைப் பிய்த்து உதவுவதும், அருகே விளக்குப் பிடிப்பதும், படம் எடுக்க மின்னொளி வீசுவதும் கூடாது. மண்ணில் மூடிய முட்டைகளானால் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. குஞ்சுகள் தாமாக மேலேறி வரும். பெட்டியில் உள்ளவையானால் முதல் கீறல் தெரிந்தவுடன் மூடியை இறுக்கி, துணியால் மூடி, வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். ஓணான் குஞ்சுகளை அவர்கள் சொற்படி முட்டை கிடைத்த வரப்புக்கே எடுத்துச் சென்று, வெயில் தணிந்த மாலையில் புதரடியில் பெட்டியைச் சாய்த்து வைத்து, அவை தாமே வெளியேறும்வரை விலகி நிற்க வேண்டும். பாம்புக் குட்டிகளாயின் பெட்டியைத் திறக்கும் வேலையே வனத்துறையினருடையது.